கரையோர ஊரில் நாயும் பூனையும் வளர்ப்பது

கடலூரில் பூனை வளர்ப்பவரிடம் அதன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், "மீன் கிடைக்கிற ஊரில் பூனைக்கு என்ன குறை?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக நாயும் பூனையும் சேர்ந்தே வளர்ந்து வருகின்றன. இப்போது கருப்பன் என்னும் நாட்டு நாயும், செல்லி, வெள்ளையன் என்னும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. இவற்றுக்கு உணவு வைத்துப் பழகியதில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. நம் தட்டில் இருப்பதை அன்பின் பேரில் அப்படியே அவற்றின் கிண்ணத்துக்கு மாற்றுவதுதான் பல தொல்லைகளுக்குத் தொடக்கம். அதோடு, எந்த மாதத்தில் எந்த மீன் வரும், எப்போது புழுக்கம் கூடும், எப்போது தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதையெல்லாம் கணக்கில் கொள்ளாமல் இந்த ஊரில் பிராணி வளர்க்க முடியாது.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதுநகர் துறைமுகத்திலோ, தெருவில் கூடையோடு வரும் அக்காவிடமோ, "பூனைக்கு" என்று சொன்னாலே காரப்பொடியையோ உடைந்த கவலை மீனையோ மலிவாக அள்ளிப் போட்டுவிடுவார்கள். அதை அப்படியே பச்சையாகப் பூனை முன் வைப்பதுதான் இங்குள்ள வழக்கம். நெத்திலி, மத்தி போன்ற சில மீன்களின் பச்சை உடலில் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இத்தகைய பச்சை மீனே தொடர்ந்து உணவானால் பூனைக்குத் தயமின் குறைந்து, பசி மந்தமாகி, நடை தள்ளாடி, தலை கீழ்நோக்கி வளைந்து, வலிப்பு வரை போகும். வேக வைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், மீனை வேக வைத்துக் கொடுப்பது என்ற ஒரே பழக்கம் இந்த அபாயத்தை நீக்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் காரப்பொடியைக் குடல் நீக்கிக் கழுவி, மீன் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, உப்பும் புளியும் மசாலாவும் சேர்க்காமல் குக்கரில் வைத்து, நமக்குக் குழம்பு வைப்பதைவிடக் கூடுதலாகச் சில விசில்கள் விடுகிறோம். ஆறிய பிறகு ஒரு மீனை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பேன். நடுமுள் மாவாக உதிர்ந்தால் அந்தப் பதம் போதும். நெருடினால் இன்னும் வேக வேண்டும், அல்லது முள்ளை உருவிவிட வேண்டும். அப்படி வெந்த முள் சுண்ணாம்புச் சத்தாகவும் பயன்படுகிறது. வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் மீனோடு சேர்த்தே பிசைந்து வைக்க வேண்டும். பூனைக்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து தண்ணீரில் கரையக்கூடியது என்பதால், வேகும்போது அதில் ஒரு பகுதி அந்தச் சாற்றுக்குள் இறங்கியிருக்கும்.

டாரினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாயின் உடல் பொதுவாக இதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூனையின் உடலோ தேவையான அளவுக்கு உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற்றாக வேண்டும். இது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து வீங்கும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் எடுத்துக்காட்டிய பிறகுதான் பூனைத் தீவனம் தயாரிப்பவர்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆகவே, பால்சோறும் தயிர்ச்சோறும் தின்று பழகிய பூனை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் உள்ளே சத்துக் குறைந்துதான் இருக்கும். நாய்த் தீவனத்தைப் பூனைக்கும் போட்டுச் சமாளிப்பதும் இதே காரணத்தால் சரிப்படாது. டாரினுக்கு எளிய வழி கோழிக் கடையில் இருக்கிறது. இறைச்சி வாங்கும்போது கோழியின் இதயத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் இந்தச் சத்து அதிகம். ஈரலை மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஈரலே தின்னும் பூனைக்கு ஏ உயிர்ச்சத்து மிகுந்து, நாளடைவில் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலையைத் திருப்ப முடியாமல் போகும்.

எண்ணெய்ச் சத்துள்ள மீனையே மாதக்கணக்கில் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஈ உயிர்ச்சத்து போதாமல் தோலடிக் கொழுப்பு அழன்று, தொட்டாலே பூனை கத்தத் தொடங்கும். அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மீன், மற்ற நாட்களில் கோழி அல்லது முட்டை, அதனுடன் பூனைகளுக்கென்றே விற்கும் உலர் தீவனம் கொஞ்சம் என்று நாங்கள் மாற்றி மாற்றிக் கொடுத்து வருகிறோம். சோறு சேர்ப்பதாக இருந்தால் மூன்று பங்கு மீனுக்கோ கறிக்கோ ஒரு பங்கு சோறு என்ற அளவைத் தாண்டுவதில்லை. இங்கு பல வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. மீன் வாசனை படிந்த சோற்றைத்தான் அவர்கள் மீன்சோறு என்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப் படகுகளில் வரும் மீனுக்கு விலை ஏறிவிடும். மனிதர்களே மீன் இல்லாமல் கருவாட்டுக்கு மாறும் அந்த நாட்களில், பூனைக்கும் கருவாட்டுத் தலைதான் விழும். கருவாட்டில் இருக்கும் உப்பு அந்தச் சிறிய உடலுக்கு மிக அதிகம். சிறுநீரகம் தளர்ந்த வயதான பூனைக்கு அதைக் காட்டவே கூடாது. ஊற வைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதுமாக இறங்காது. தடைக்காலம் தொடங்கும் அன்றைக்குத் திடீரென்று மீனை நிறுத்துவதும் ஆபத்துதான். பழகிய உணவு மாறினால் பட்டினி கிடக்கத் துணியும் பிராணி பூனை. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாட்கள் சாப்பிடாமல் கிடந்தால், உடல் கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலில் படிந்து உயிருக்கே உலை வைத்துவிடும். எனவே ஏப்ரல் தொடக்கத்திலேயே மீனில் சிறிதளவு கோழியைக் கலந்து, நாளுக்கு நாள் கோழியைக் கூட்டி மீனைக் குறைத்துக்கொண்டு வந்தால், 15-ஆம் தேதி வரும்போது பூனை மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை.

நாயின் விஷயத்தில் நம் ஊர்க் குறைபாடு வேறு விதமானது. நாய்க்குச் சோறு ஒத்துக்கொள்ளும், தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் தயிர்ச்சோறே முழு உணவாகிவிட்டால் புரதம் போதாது. கருப்பன் சுமார் 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட நாய். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கின்படி அவனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி தேவைப்படும். வடித்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி, ஒரு முட்டையில் சுமார் 70 கலோரி. இந்தக் கணக்கை வைத்து, எலும்பில்லாத வெந்த கோழி கால் கிலோ, சோறு சுமார் 300 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பரங்கிக்காய் அல்லது கேரட் என்று காலையும் மாலையும் பிரித்து வைக்கிறோம். இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால், முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வாணலியில் வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்து, அதில் அரைத் தேக்கரண்டி கலந்துவிடுகிறோம். அதில் சுமார் 1 கிராம் கால்சியம் கிடைக்கிறது. குட்டி நாய்க்கும் சினை நாய்க்கும் இந்த அளவு பொருந்தாது. அவற்றுக்கு மருத்துவரைக் கேட்டே வைக்க வேண்டும். துத்தநாகம், அயோடின் போன்ற நுண்சத்துகளை வீட்டுச் சமையலில் சரிக்கட்டுவது கடினம் என்பதால், வாரத்தில் சில வேளைகள் தரமான நாய்த் தீவனத்துக்கு விட்டுக்கொடுப்பதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

டீக்கடை பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தெரு நாயானாலும் வீட்டு நாயானாலும் அன்பு காட்டுவதற்கு நம்மவர்களுக்குக் கிடைத்த எளிய வழி அதுதான். குளுக்கோஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்குச் சுமார் 450 கலோரி. பெரும்பகுதி மைதாவும் சர்க்கரையும்தான். ஒரு பாக்கெட்டை முழுவதும் போட்டுவிட்டு, "சோறே தின்ன மாட்டேன் என்கிறான்" என்று குறைபட்டுக்கொள்வதில் பொருள் இல்லை. இடைத்தீனி எதுவானாலும் நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும்.

கிண்ணத்துக்கு வரவே கூடாதவை சில இருக்கின்றன. சாம்பாரிலும் குழம்பிலும் மிதக்கும் சின்ன வெங்காயம், பூண்டு இரண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். வெந்தாலும் அந்தத் தன்மை போகாது. பூனைக்குக் கேடு செய்ய மிகச் சிறிய அளவே போதும். ஆகவே வெறும் இட்லியில் கேடில்லை, சாம்பார் ஊற்றிய இட்லியில்தான் கேடு. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், ஒன்றும் கூடாது என்பதே எங்கள் வீட்டு விதி. சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்களும் இதே பட்டியலில் அடங்கும். மே மாதத்தில் மாங்கொட்டையை நாய் விழுங்கினால் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சை வரை போகும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பையும் விருந்தினர்கள் மேசைக்கடியில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்த என் மாமனார், "எலும்பு தின்னாத நாயும் ஒரு நாயா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். என் மனைவி பதில் ஏதும் சொல்லாமல் அவர் தட்டருகே எலும்பு போட ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

உணவுக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது உண்ணிதான். ஈரமும் வெப்பமும் சேர்ந்த காற்று அதற்கு மிகவும் உகந்தது. மாலையில் கருப்பனை மல்லாக்கப் படுக்க வைத்து, முன்னங்கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பேன். பிறகு காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடிப்பகுதி, அக்குள், வாலின் அடி என்று விரல் நுனியால் தடவிக்கொண்டே போனால், கடுகளவு மேடு ஒன்று தட்டுப்படும். சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுவதும் கற்பூரத்தைக் கரைத்துப் பூசுவதும் உண்ணியைவிட நாயைத்தான் அதிகம் வருத்தும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அது படுக்கும் இடத்தை விட்டுவைத்தால் பயன் இருக்காது. சாக்கை மாற்றி, விரிசலைச் சிமெண்டால் பூசிய பிறகுதான் எங்கள் வீட்டில் தொல்லை குறைந்தது. நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனைக்கு நஞ்சு. இரண்டையும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் மருந்து வாங்கும்போதே, "வீட்டில் பூனையும் இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும்.

உண்ணி கடிப்பதால் பரவும் காய்ச்சலில் நாய் முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், சோர்ந்து படுக்கும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருக்கும். சில நேரங்களில் மூக்கில் இரத்தம் வடியும். இது இரத்தப் பரிசோதனைக்கு உடனே கொண்டுபோக வேண்டிய நிலை. நல்ல நாளில் உங்கள் நாயின் ஈறு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான் கெட்ட நாளில் வேறுபாடு தெரியும்.

அக்னி நட்சத்திரத்தின்போது உள்நாட்டு ஊர்களில் தகிக்கும் வெயில் என்றால், இங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. நாய் மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த வழி சரியாக வேலை செய்யாது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் இந்தக் காலத்தில் பெரிதும் தவித்துப்போகும்; அவற்றைக் கடலோர ஊரில் ஆசைக்காக வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. அப்போது சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, மின்விசிறியடியில் கிடத்தி, மருத்துவரிடம் விரைய வேண்டும்.

நடைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதென்றால் மணல் சூடேறுவதற்கு முன்பே போய்த் திரும்பிவிட வேண்டும். புறங்கையை மணலில் ஏழெட்டு விநாடிகள் வைத்திருக்க முடியவில்லையென்றால், நாயின் பாதத்தாலும் முடியாது. குடிநீரைக் கையோடு கொண்டுபோகாவிட்டால் நாய் கடல்நீரைக் குடித்து, வாந்தியும் கழிச்சலும் வந்து சேரும். இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீனைத்தான். வயிற்றை ஊதிக்கொள்ளும் அந்த மீனின் ஈரலிலும் முட்டையிலும் நரம்புகளை முடக்கும் கொடிய நஞ்சு உண்டு, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. படகுகள் நிற்கும் பகுதியில் கருப்பனின் கயிற்றை நான் தளர்த்துவதே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கவலை வேறு திசைக்கு மாறும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று பார்த்துவிட்ட மாவட்டம் இது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் இந்த நோய்க்கும் சேர்த்துப் போடுவது உண்டு என்பதால், மழைக்கு முன்பாகவே தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுகிறேன். நனைந்து வந்தால் விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தீவனம் மூடி இறுகிய டப்பாவில் இல்லாவிட்டால், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், பூனைகளை எடுத்துச் செல்லும் கூடையைப் பரணிலிருந்து முதல் நாளே இறக்கித் தரையில் வைத்துவிட வேண்டும். அவசரத்தில் புதிதாகப் பார்க்கும் கூடைக்குள் எந்தப் பூனையும் இறங்காது. வீட்டை விட்டுப் போக நேர்ந்தால் நாயைக் கட்டியபடி விட்டுச் செல்லவே கூடாது.

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும்போது ஊக்க ஊசியும் பிறகு ஆண்டுதோறும் ஒன்றுமாகப் போட வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் இது பொருந்தும். யாருக்காவது கடி விழுந்தால் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பறவை வளர்க்கும் நண்பர்களுக்கு இரண்டே செய்தி. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் என்று இங்கு விற்கும் சிறு கிளிகளுக்குத் தினை மட்டும் போடாமல் முருங்கைக்கீரை, கொத்தமல்லி போன்ற கீரையும் தர வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி எழும் புகை அவற்றை நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதால் கூண்டை அடுக்களைப் பக்கம் மாட்டக் கூடாது.

பூனை வீட்டில் கண்டிப்பாகக் காக்க வேண்டிய இன்னொன்று மாத்திரைப் பெட்டி. காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடும். ஆண் பூனை மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்துவிட்டால் ஓரிரு நாட்களில் உயிர் போகும். உலர் தீவனம் தின்னும் பூனை போதிய தண்ணீர் குடிக்காதது இதற்கு ஒரு துணைக் காரணம். மீசை விளிம்பில் உரசாத அகலமான கிண்ணங்களில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைத்தால் செல்லியும் வெள்ளையனும் கூடுதலாகக் குடிக்கின்றன.

உள்ளூர் மருத்துவர் கைவிரித்தால், இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவிலுள்ள புதுச்சேரிக்குப் போகலாம். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எங்கே கொண்டுபோனாலும், கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, வாந்தியின் நிறம் என்ன, எடை எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். எதையாவது தின்றுவிட்டது என்ற ஐயம் இருந்தால், அதன் உறையையோ மீதியையோ ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.